குழல் எங்கே என்று கரடி கேட்ட நாள்

சிரிப்புக் கதை ஒன்று சொல்கிறேன். கடைசியில் ஒரு சிரிப்பு வரும், நிச்சயம் வரும். ஆனால் அது வரும்வரை யாரும் சிரிக்கக் கூடாது. வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். பொத்தியாயிற்றா? சரி.

ஒரு காட்டில், அதுவும் ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் ரஷ்யக் காட்டில், ஒரு கரடியும் ஒரு முயலும் கச்சேரி நடத்திவந்தன.

கரடிக்குப் பெருமை அதிகம், முயலுக்குப் பொறுமை அதிகம். கரடி பொந்து விழுந்த ஒரு மரத்துண்டைத் தட்டும். முயல் நாணல் குழல் ஊதும். வெள்ளைப் பட்டை போர்த்த பிர்ச் மரங்களின் நடுவே அறுவடைப் பாட்டு, கல்யாணப் பாட்டு, ஆற்றுப் பாட்டு என்று காட்டில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளைத்தான் வாசித்தன. கேட்க வந்தவை இரண்டு அணில்கள், ஒரு முள்ளெலி. முள்ளெலி பாதியிலேயே தூங்கிவிடும்.

குளிர்காலம் வந்தால் கரடி தன் குழிக்குள் போய்ப் படுத்துவிடும். வசந்தம் வரும்வரை எழாது. கரடிகளின் வழக்கம் அது. முயல் குழி வாசலில் உட்கார்ந்து தாலாட்டு ஊதிவிட்டுப் போகும். ஆற்றின் மேல் உறைந்த பனிக்கட்டி உடையும் நாளில், அதே வாசலில் உட்கார்ந்து எழுப்பும் பாட்டு ஊதும். அந்த மெல்லிய ஒலி பனியைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். முதலில் ஒரு காது ஆடும். பிறகு ஒரு கொட்டாவி.

"வந்துவிட்டாயா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே கரடி மேலே வரும். (கரடியின் குரல் உங்களுக்கு வராது. பானைக்குள் தலையை விட்டுப் பேசிப் பாருங்கள், ஓரளவு வரும்.)

இரண்டாம் ஆண்டு ஓநாய் வந்து சேர்ந்தது. ஓநாய்க்கு எதுவும் போதாது. தன் பலலைக்கா என்ற மூன்று தந்தி வாத்தியத்தில் நான்காவதாக ஒரு தடித்த தந்தியைக் கட்டியது. அது உறுமியது. "அண்ணே, பாட்டுக்கு எலும்பு வந்துவிட்டது பார்!" என்றது ஓநாய். கரடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மூன்றாம் ஆண்டு மரங்கொத்திகள் வந்தன. நான்கு தட்டில் நடந்த அறுவடைப் பாட்டு ஏழு தட்டில் நொண்டியது. நொண்டுவதே அழகாக இருந்தது. நான்காம் ஆண்டு இரண்டு கடமான்கள் கொம்பு ஊத வந்தன. இப்போது காலையில் தொடங்கும் ஒரு பாட்டு மதியம்தான் முடியும். நடுவில் இடி இடிக்கும், குதிரைகள் ஓடும், ஆறு பொங்கும். எல்லாம் வாத்தியத்திலேயே.

பொய் சொல்லக் கூடாது. கச்சேரி பிரமாதமாகத்தான் இருந்தது. மூன்று காடு தாண்டிக் கூட்டம் வந்தது. முள்ளெலிகூடத் தூங்கவில்லை.

முயலின் கையில் மட்டும் அதே நாணல் குழல்.

ஒரு நாள் முயல் கேட்டது. "அண்ணே, இவ்வளவு சத்தத்தில் என் குழல் உனக்குக் கேட்கிறதா?"

"என்ன கேள்வி இது! உன் குழல் கேட்காவிட்டால் நான் குச்சியையே தொடமாட்டேன்" என்றது கரடி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னது.

இதை மேலே கிளையிலிருந்து சோய்கா என்ற பறவை கேட்டுக்கொண்டிருந்தது. சோய்கா காக்கைக்கு ஒன்றுவிட்ட உறவு. இறக்கையில் மட்டும் நீலக் கோடு. அதற்குக் குறும்பு அதிகம். எந்தக் குரலையும் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டால் போதும், அப்படியே பேசிக்காட்டும். ஓநாய் குரலில் அணிலை மிரட்டும். அணில் குரலில் ஓநாயிடம் மன்னிப்புக் கேட்கும்.

"முயலக்கா, ஒரு வேடிக்கை செய்வோமா?" என்றது சோய்கா. "நாளைக்கு நீ வாசிக்காதே. அந்தப் பெரிய பிர்ச் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள். அண்ணன் திடுக்கிட்டுத் தட்டுவதை நிறுத்தி, 'குழல் எங்கே?' என்று கேட்கும் பார், அப்போது குதித்து வெளியே வா. வயிறு வலிக்கச் சிரிக்கலாம்."

திடுக்கிட்ட கரடியின் முகத்தை நினைத்தபோதே முயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முயலின் சிரிப்பு ஒரு மாதிரியாக இருக்கும். கிக்... கிக்... என்று இரண்டு துண்டு, கடைசியில் ஒரு விக்கல். சோய்கா அதையும் உடனே பிடித்துக்கொண்டது. "கிக்... கிக்... ஹிக்!"

"போதும், போதும். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்" என்றது முயல்.

நீங்களும் பொறுங்கள். இன்னும் இல்லை.

மறுநாள் கச்சேரி தொடங்கியது. முயல் மரத்துக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரடி தட்டியது. ஓநாயின் தந்தி உறுமியது. ஏழு தட்டு நொண்டியது. இடி இடித்தது, குதிரைகள் ஓடின. கரடி குச்சியை நிறுத்தவில்லை. மதியம் பாட்டு முடிந்தது. கூட்டம் கால்களைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தது.

கரடி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் வந்தது. முயலைக் கண்டது. முதுகில் ஒரு தட்டுத் தட்டியது.

"இன்றைக்கு உன் குழல் தேன், தங்கச்சி! தேன்!"

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

தொண்டை வரை வந்திருந்த சிரிப்பை முயல் விழுங்கியது.

"நாளைக்குக் கேட்கும், அக்கா" என்றது சோய்கா.

நாளைக்கும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. பிர்ச் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக முயலின் மேல் விழுந்தன. அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. குழலை மடியில் வைத்திருந்தது. எந்த நேரமும் கூப்பிடுவார்கள் அல்லவா?

"நீயே போய்ச் சொல்லிவிடேன் அக்கா. 'நான் ஏழு நாளாக வாசிக்கவில்லை' என்று" என்றது சோய்கா.

"சொன்ன பிறகு கேட்டால் அது எனக்கு எதற்கு?" என்றது முயல்.

எட்டாம் நாள் சோய்காவால் தாங்க முடியவில்லை. பாட்டு உச்சத்தில் இருந்தபோது, அது முயலின் தலைக்கு மேலிருந்த கிளையில் வந்து உட்கார்ந்து, கரடியின் குரலில் அதட்டியது. "நிறுத்துங்கள் எல்லாரும்! குழல் எங்கே? என் தங்கச்சியின் குழல் எங்கே?"

முயலின் காதுகள் இரண்டும் விறைத்து எழுந்தன. அது மரத்தைச் சுற்றிக் குதித்து வெளியே ஓடியது. "இங்கே இருக்கிறேன் அண்ணே! கிக்... கிக்..."

கரடி கண்களை மூடித் தட்டிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் நிறுத்தவில்லை.

விக்கல் வராமலே சிரிப்பு நின்றுவிட்டது.

முயல் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தது. "நீயா?"

"நான்தான் அக்கா. மன்னித்துவிடு. கேலிக்காகச் செய்யவில்லை."

"பரவாயில்லை. நன்றாகத்தான் பேசினாய். அண்ணனே பேசியிருந்தால்கூட இவ்வளவு பதறிப் பேசியிருக்காது" என்றது முயல்.

முதல் பனி விழுந்தது. கரடி குழிக்கு நடந்தது. கூடவே ஓநாய் நடந்தது. வசந்தத்தில் பனிக்கட்டி உடையும் நாளில் பெரிய திருவிழா. ஒன்பது காடுகள் கூடும். அதற்காக ஆற்றுப் பாட்டை முழுநாள் வாசிக்கும்படி மாற்றப்போவதாகக் கரடி ஓயாமல் பேசிக்கொண்டே போனது. "கொம்பு இரண்டு போதாது, நான்கு வேண்டும். என் வாழ்நாளிலேயே பெரிய பாட்டு அதுதான் தம்பி. அதற்காகத்தான் இத்தனை ஆண்டுகள் தட்டினேன்."

வாசலில் முயல் குழலோடு நின்றிருந்தது.

"மறக்காமல் எழுப்பிவிடு தங்கச்சி" என்றது கரடி. தாலாட்டுக்குக் காத்திருக்கவில்லை. பேசிக்கொண்டே உள்ளே போய், பேச்சின் நடுவிலேயே தூங்கிவிட்டது.

முயல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குழலை அந்தப் பெரிய பிர்ச் மரத்தடியில் வைத்தது. ஆறு உறைந்து வெள்ளைச் சாலைபோல் கிடந்தது. அக்கரை கண்ணுக்குத் தெரியாத அளவு அகலமான ஆறு.

"அண்ணன் கேட்டால் என்ன சொல்ல?" என்றது சோய்கா. இந்த முறை அது தன் சொந்தக் குரலில்தான் பேசியது.

"சிரிப்பதற்காகக் காத்திருந்தேன் என்று சொல்."

முயல் பனிக்கட்டியின் மேல் நடந்தது. வெள்ளைமேல் வெள்ளை. கொஞ்ச தூரம் காதுகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை.

வசந்தம் வந்தது. பனிக்கட்டி பெரும் ஓசையோடு உடைந்து ஆற்றில் மிதந்தது. இனி அக்கரைக்குப் போகவும் முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது. ஒன்பது காடுகளின் கூட்டம் வந்து இறங்கியது. கரடி மட்டும் எழவில்லை.

ஓநாய் குழி வாசலில் நின்று ஊளையிட்டது. எழவில்லை. நான்கு கடமான்களும் சேர்ந்து கொம்பு ஊதின. மரங்கொத்திகள் குழியின் கூரையையே கொத்தின. எழவில்லை. எழுமா? எத்தனை ஆண்டுகளாக அந்த இடிக்கும் முழக்கத்துக்கும் நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்து பழகிய கரடி அது! அவ்வளவு சத்தமும் அதற்குத் தாலாட்டாகிவிட்டது.

"சோய்கா! உனக்குத்தான் எல்லாக் குரலும் வருமே! அந்தக் குழலை ஊதிக்காட்டு, சீக்கிரம்!" என்று கத்தியது ஓநாய்.

சோய்கா அலகைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஊரில் உள்ள எல்லாக் குரலும் தெரிந்த பறவைக்கு, அந்த ஒன்று மட்டும் தெரியவில்லை. ஒருமுறை காது கொடுத்துக் கேட்டால் போதும், வந்துவிடும். ஆனால் அந்தக் குழலைச் சோய்காவும் ஒருமுறைகூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

கூட்டம் ஒரு நாள் பார்த்தது. இரண்டு நாள் பார்த்தது. "பெரிய கரடியாம், பெரிய பாட்டாம்!" என்று சொல்லிக் கலைந்துபோனது. கச்சேரி இல்லாத காட்டில் ஓநாய்க்கு என்ன வேலை? பலலைக்காவைத் தூக்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டது. கொம்புகளும் பின்னாலேயே போயின.

பசிதான் கடைசியில் கரடியை எழுப்பியது.

வெளியே வந்தது. பனி இல்லை. புல் இடுப்பளவு நின்றது. காட்டுப் பழங்கள் பழுத்து, உதிர்ந்து, எறும்பேறிக் கிடந்தன. திருவிழாத் திடலில் மிதிபட்ட புல்கூட நிமிர்ந்துவிட்டிருந்தது.

"என் பாட்டு... என் திருவிழா..." கரடி நாலாபுறமும் பார்த்தது. காடு அமைதியாக இருந்தது. அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் ஒன்று குறைவது அதற்குக் கேட்டது.

"குழல் எங்கே?" என்றது கரடி.

வந்துவிட்டது! சோய்கா இத்தனை மாதமாகக் காத்திருந்த கேள்வி! அலகு தானாகத் திறந்துகொண்டது.

"கிக்... கிக்... ஹிக்!"

கரடியின் முகம் மலர்ந்தது. "அடி குறும்புக்காரி! அங்கேயா ஒளிந்திருக்கிறாய்? வெளியே வா தங்கச்சி! பயந்தே போனேன்!"

அது பெரிய பிர்ச் மரத்தைச் சுற்றி ஓடியது. பின்னால் யாரும் இல்லை. நாணல் குழல் கிடந்தது. அதன் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. ஒரு துளை வழியாகப் புல் முளைத்து வெளியே வந்திருந்தது.

"கிக்... கிக்..." என்று தலைக்கு மேலே கேட்டது.

கரடி அண்ணாந்து பார்த்தது. அசைந்தது ஒரு பறவையின் அலகு.

"எத்தனை நாளாக?" என்று கேட்டது கரடி.

"போன வருடம் இலை பழுப்பதற்கு முன்னாலிருந்து, அண்ணே. முயலக்கா ஒரு நாளும் வாசிக்கவில்லை. இந்த மரத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தது. நீ கேட்பாய், சிரிக்கலாம் என்று காத்திருந்தது."

கரடி குழலைக் கையில் எடுத்தது. அதன் விரலுக்கு அந்தத் துளைகள் மிகச் சிறியவை.

"அப்படியென்றால் அன்றைக்கு நான்... தேன் என்று..."



நீதி: பக்கத்துக் குரல் நின்றுபோன நாளில் அது எங்கே என்று கேட்காதவனுக்கு, தேடும் நாளில் எதிரொலிதான் மிஞ்சும்.