பந்தியில் வெறுங்கை

மலைப் படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் ஒரு மடம். பெயர்தான் மடம். ஓடு வேய்ந்த நீளக் கூடம், பின்னால் சமையற்கட்டு, பக்கத்தில் அரிசி அறை, அவ்வளவுதான். மலைக்கு நடந்து வருகிறவர்களுக்குத் தினமும் மதியம் சாப்பாடு போடுவார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. இலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

அங்கே ஒரு குரு. ஒல்லி. வயசும் அதிகமில்லை, தாடி கூட ஒழுங்காக வளரவில்லை. எல்லாரும் சாமி என்பார்கள். பாட்டு சுத்தமாக வராது. பஜனை நேரத்தில் அவரைப் பாத்திரம் விளக்க அனுப்பிவிடுவார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் போய்விடுவார்.

செண்பகவல்லி அவரிடம் வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. குருவை விட மூத்தவள். பையைக் கீழே வைக்கக் கூட இல்லை.

"சாமி, என்னைச் சரி பண்ணணும்."

"உடம்புக்கு என்னக்கா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மண்டைதான். டாக்டர் அதுக்கு ரெண்டு பெயர் சொன்னார். ஆட்டிசம்னு ஒண்ணு, ஏடிஹெச்டின்னு ஒண்ணு. பிறந்ததுல இருந்தே இருக்காம். போன வருஷம்தான் எனக்குத் தெரியும்."

"ரெண்டும் என்ன செய்யுது?"

"ஒண்ணு, எல்லாம் அதது இடத்துல இருக்கணும்னு அடம் பிடிக்கும். அதுக்குச் சத்தம் ஆகாது. யாரையும் மூஞ்சிக்கு நேரா பார்க்க ஆகாது. இன்னொண்ணு எதையும் ஒரு இடத்துல வைக்க விடாது. ஒரு வேலை பாதியில இருக்கும்போதே இன்னொரு வேலைக்கு இழுத்துட்டுப் போயிடும். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்புல சமைக்கிற மாதிரி இருக்கு சாமி, உள்ள."

குரு சிரித்தார்.

"சிரிக்காதீங்க. ஜவுளிக்கடை, கூரியர் ஆபீஸ், பள்ளிக்கூட ஆபீஸ், போன இடத்துல எல்லாம் அனுப்பிட்டாங்க. இப்ப தம்பி வீட்டு ஹால்ல இருக்கேன். டிவி ஓடிக்கிட்டே இருக்கும். நான் அங்கயே உட்கார்ந்திருக்கும்போதே தம்பி பொண்டாட்டி போன்ல பேசுறா, அவங்களை என்ன செய்யறதுன்னே தெரியலன்னு. நல்லவதான் அவ. அதுதான் இன்னும் கஷ்டம்."

"டாக்டர் மாத்திரை குடுத்தாரா?"

"குடுத்தார். கொஞ்சம் பரவாயில்ல. ஆனா அதனால நான் வேற ஆளா ஆயிட மாட்டேனாம்."

"மாத்திரையை விட்றாதீங்க. மீதியை இங்க பார்க்கலாம். பையை வைங்க."

சமையலையும் பந்தியையும் பார்த்துக்கொள்வது பொன்னம்பலம். மூத்த சீடர். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர். மடத்துக்கு வந்தும் அந்தக் குரல் போகவில்லை. அவர் செண்பகவல்லியிடம் சாம்பார் வாளியைக் கொடுத்தார்.

"வாளியில கண்ணு வைங்க. ஒரு இலைக்கு ஒரு கரண்டி. நிக்காம போய்க்கிட்டே இருங்க."

முதல் வாரம் ஓடிவிட்டது. அவள் ஒரே மாதிரி ஊற்றினாள், ஒரே இடத்தில் ஊற்றினாள். சாதத்துக் குழியிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகாது. பொன்னம்பலத்துக்கே பரவாயில்லை என்று பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டிக்காரர் ராமலிங்கம் வந்தார். மடத்துக்கு அரிசி மூட்டை அனுப்புகிறவர். சரிகைக் கரை வேட்டியில், பந்தியின் முதல் ஆளாக உட்கார்ந்தார். இலை போட்டவன் அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டான். நுனி இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தது. சாதம் விழுந்தாயிற்று. செண்பகவல்லி சாம்பாரும் ஊற்றிவிட்டாள். அதற்குப் பிறகுதான் நுனியைப் பார்த்தாள்.

அதற்கு மேல் அவளால் நகர முடியவில்லை. காதுக்குள் யாரோ ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. வாளியை நடைபாதையிலேயே வைத்தாள். குனிந்தாள். இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து அப்படியே அரைச் சுற்று திருப்பினாள்.

சாம்பார் முழுவதும் மண்டிக்காரர் மடியில்.

அவர் துள்ளி எழுந்தார். பின்னால் பொரியலோடு வந்தவன் வாளியைத் தெரியாமல் உதைத்துவிட்டான். கூடம் முழுக்க சாம்பார் ஓடியது. செண்பகவல்லி இலையைப் பார்த்தாள். நுனி இடது பக்கம் இருந்தது. ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. அப்புறம்தான் வேட்டியைப் பார்த்தாள்.

பந்தி முடிந்ததும் பொன்னம்பலம் குருவின் காதருகே குனிந்தார். குசுகுசுவென்றுதான் பேசினார். கண்டக்டர் குசுகுசுப்பு. எல்லாருக்கும் கேட்டது.

"சாமி, இது ஒத்து வராது. அவங்க தம்பிக்குச் சொல்லி அனுப்பிடலாம்."

"பங்குனி உத்திரம் வரைக்கும் பார்ப்போமே."

"உத்திரத்துக்கு ஊரே வரும். அன்னைக்கு இந்த மாதிரி ஆச்சுன்னா?"

"அன்னைக்கும் சரியா வரலன்னா நீங்க சொல்றபடி அனுப்பிடலாம்."

செண்பகவல்லி கூடத்தைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. பயம்தான். அந்த ஹாலும் அந்த டிவியும் கண் முன்னால் வந்து நின்றன.

சாயங்காலம் குரு அவளை மண்டிக்காரரிடம் அனுப்பினார். அவள் கடை வாசலில் நின்று தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சாம்பார் கொட்டினது தப்பு. மன்னிச்சுக்கணும். இலையைத் திருப்பினது தப்பில்ல."

மண்டிக்காரர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் அரிசி மட்டும் வழக்கம்போல வந்தது.

அன்றைய பந்திக்கு அவள் வாளியை எடுக்கப் போனாள். குரு குறுக்கே வந்தார். அவள் கையிலிருந்து வாளியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்.

"நான் என்ன சாமி பண்ண?"

"நடங்க."

"எங்க?"

"பந்தியில. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. அப்புறம் திரும்பி."

"கையில?"

"ஒண்ணும் வேண்டாம்."

பொன்னம்பலத்துக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது.

"பந்தி விசாரிக்கிறதா சாமி? கல்யாணத்துல பெண்ணோட பெரியப்பா, மாமா பண்ற வேலை அது. சிரிச்ச முகமா போய், என்ன வேணும், வெட்கப்படாம சாப்பிடுங்கன்னு நாலு வார்த்தை பேசணும். இந்தம்மா யாரையாவது நிமிர்ந்து பார்த்திருக்காங்களா?"

"நிமிர வேண்டாம். அக்கா, நீங்க யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எதுவும் கேக்க வேண்டாம். இலையை மட்டும் பாருங்க. என்ன குறையுதோ சொல்லுங்க."

அவள் நடந்தாள். தண்டனை என்றே நினைத்தாள். ஆளாளுக்கு வாளியும் தட்டுமாக ஓடும்போது வெறுங்கையோடு நடக்க வெட்கமாக இருந்தது.

"மாப்பிள்ளை வீட்டு ஆள் மாதிரி கை வீசிட்டுப் போறாங்க பாரு," என்றான் பொரியல்காரன்.

அவள் காதில் வாங்கவில்லை. இலைகள் வாங்கவிடவில்லை. ஓர் இலையில் சாதம் இருந்தது, ரசம் இல்லை. ஓர் இலையில் அப்பளம் விழவே இல்லை. ஓர் இலையில் ஒருவர் பொரியலைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கியிருந்தார். அந்த ஆளுக்கு மறுபடியும் பொரியல் போய்க்கொண்டிருந்தது. ஓர் இலையை வழித்துத் துடைத்தே விட்டார்கள், வாய் மட்டும் போதும் போதும் என்றது.

ஓர் இலையிலிருந்து கண் தானாக அடுத்ததுக்குத் தாவியது. பாதியில் தாவுகிறதே என்று யாரும் கோபப்படவில்லை. தாவத்தானே சொன்னார்கள்.

"ரெண்டாவது வரிசை, ஜன்னல் பக்கம், ரசம். அதுக்குப் பக்கத்துல பொரியல் போடாதீங்க, பிடிக்கல அவருக்கு. சுவரை ஒட்டி ஒரு இலை, சாதம். போதும்னு சொல்வாங்க, கேக்காதீங்க, போடுங்க."

"ரேஷன் கடை மாதிரி கத்துறீங்களே," என்றார் பொன்னம்பலம். ஆனால் சாதத்தை அனுப்பினார். சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண் மறுக்காமல் சாப்பிட்டாள்.

இலை எடுக்கும்போது பார்த்தால் வீணான சோறு வெகு குறைவு. வாசலில் காத்திருக்கிற மாடுகளுக்குத்தான் நஷ்டம்.

உத்திரத்துக்கு முந்தின வாரம் இன்னொன்று நடந்தது. ஒரு பெண் தன் இலையில் சாதத்தை இரண்டாகப் பிரித்து வைத்து ஒரு பாதியைத் தொடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி அங்கேயே நின்றாள்.

"இந்தப் பாதி யாருக்கு?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் குறுகிப் போனாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் மெல்லச் சொன்னாள். வீட்டுக்காரருக்குக் கால் முடியவில்லை, கீழே பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள், எடுத்துப் போகலாமா என்று கேட்கக் கூச்சம். உடனே தூக்குப் பாத்திரத்தில் முழுச் சாப்பாடு கீழே போனது.

பொன்னம்பலம் விடவில்லை.

"நாலு பேர் முன்னாடி கேக்குற கேள்வியா அது? நல்லதுதான் பண்ணீங்க. பண்ணின விதம் இருக்கே."

செண்பகவல்லிக்கும் அது தெரிந்தது. கேட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. எப்போதும் அப்படித்தான்.

"அடுத்த தடவை காதுகிட்ட போய்க் கேளுங்க அக்கா," என்றார் குரு.

"காதுகிட்ட போனா எனக்கு உடம்பெல்லாம் கூசும் சாமி."

"அப்ப பொன்னம்பலத்துகிட்ட சொல்லுங்க. அவர் போய்க் கேப்பார்."

"நானா?" என்றார் பொன்னம்பலம்.

"தினம் என் காதுல பேசுறீங்களே. உங்களுக்கு நல்லா வரும்."

உத்திரம் வந்தது. நிஜமாகவே ஊரே வந்தது. வாசலில் ஸ்பீக்கர் கட்டி பஜனை போட்டிருந்தார்கள். செண்பகவல்லி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தாள். முதல் பந்தி நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ஸ்பீக்கர் கூவியது, ஒரு குழந்தை வீறிட்டது, தட்டு ஒன்று விழுந்தது. எல்லாம் ஒரே நேரத்தில். இலைகள் கலைந்து ஒரே பச்சையாகிவிட்டன. எது யாருடையது என்று தெரியவில்லை. மூச்சு மேலே ஏறியது.

அவள் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அரிசி அறைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

ஜவுளிக்கடையிலும் இப்படித்தான். தீபாவளிக் கூட்டத்தில் ட்ரையல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது வேலை போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பொன்னம்பலம் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூட்டையின் தையலையே பார்த்தாள். போகச் சொல்லப் போகிறார். பை எங்கே இருக்கிறது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"அடுத்த பந்தி உட்கார்ந்தாச்சு," என்றார் பொன்னம்பலம். "வர்றீங்களா, இன்னும் கொஞ்சம் இருக்கணுமா?"

அவள் காதில் பஞ்சை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

"சரி. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிட்டேன். பஜனை கேக்காம யாரும் செத்துட மாட்டாங்க." போக இருந்தவர் நின்றார். "சீக்கிரம் வந்தா நல்லது. யாருக்கு என்ன வேணும்னு ஒருத்தனுக்கும் தெரியல அங்க. நான் போய்க் கேட்டா எல்லாரும் போதும் போதும்ங்கிறாங்க."

அவள் அந்தப் பந்தியின் பாதியில் வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு கடைசிவரை நடந்தாள். தம்பிக்குச் சொல்லி அனுப்புவது பற்றி அன்றும் யாரும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மறுநாள் காலை பொன்னம்பலம் அரிசி அறையில் ஒரு மூலையைக் காலி பண்ணிப் பாய் ஒன்று போட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "கூட்ட நேரத்துக்கு," என்றார்.

மாதங்கள் போயின. அவளுக்கு மடம் பிடித்திருந்தது. காலையில் எழுந்தால் மதியத்தை நினைத்துப் பயம் வருவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் சதை போட்டாள்.

ஆனாலும் ஒருநாள் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு மறந்து போனாள். தண்ணீர் எல்லாம் தெருவில் ஓடியது. லாரித் தண்ணீர் சொல்லித்தான் அன்றைக்குச் சமையலே நடந்தது. பொன்னம்பலம் கண்டக்டர் குரலில் நன்றாகத் திட்டினார். திட்டிவிட்டு, அவள் சாப்பிட்டாளா என்று யாரையோ கேட்டார்.

அன்று மதியப் பந்தியில் அவள் குருவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தூணில் சாய்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் வந்து எவ்வளவு காலமாச்சு."

"ஆமா."

"எதுவும் மாறல. இன்னைக்குக் குழாய். நேத்து சாவியை அரிசிக்குள்ள போட்டுட்டேன். இன்னும் சத்தம்னா ஓடுறேன். எவன் மூஞ்சியும் ஞாபகம் இல்ல."

"ஆமா."

"ஆமா ஆமாங்கிறீங்க. வந்த அன்னைக்கே கேட்டேன். இன்னும் பதில் சொல்லல நீங்க. நான் எப்பதான் சரியாவேன்?"

குரு வாயைத் திறப்பதற்குள் அவள் கழுத்து திரும்பிவிட்டது.

"இருங்க சாமி. கடைசி வரிசை, கோடியில, அந்தப் பெரியவர் இலை. மோர் விட்டுப் போச்சு. சாதத்துல குழி பண்ணிட்டு உட்கார்ந்திருக்கார் பாவம். யாருப்பா மோர்?"

மோர்ப் பானை ஓடியது. பெரியவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். அவள் திரும்பினாள்.

"ம். சொல்லுங்க."

குரு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சாம்பார்க்காரர், பொரியல்காரன், வாசலில் பொன்னம்பலம், தூணில் சாய்ந்திருக்கிற அவரே.

"இங்க நாங்க இத்தனை பேர் சரியாத்தான் இருக்கோம் அக்கா," என்றார். "நீங்க சொல்ற வரைக்கும் அவருக்கு மோர் போகலையே."