கண்மூடானின் காவல்

“டாக்டர், இந்த ஆளை ஏன் ஒத்துக்கிட மாட்டேங்கீங்க?”

செல்வின் கேட்டது நிஜமான ஆளைப் பற்றி இல்லை. தானே எழுதி உண்டாக்கிய ஆளைப் பற்றி.

குரு என்றால் மரத்தடியில் தாடியோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா என்ன? இந்தக் கதையின் குரு ஓசூரில் பல் டாக்டர். பெயர் மெஹருன்னிசா. செல்வினைவிட வயதில் நன்றாகவே சின்னவர். ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. அன்று மத்தியானம், நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அறையில் மேஜை போட்டுக் கதை நடத்துவார்.

அது பகடையும் வாயும் வைத்து ஆடும் விளையாட்டு. டாக்டர் காடு என்றால் காடு, பூதம் என்றால் பூதம். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அதற்குள் போய் வர வேண்டும். வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடி என்று வேஷங்களும் அவற்றின் விதிகளும் புத்தகத்திலேயே உண்டு. அது போதாதென்று நினைக்கிறவர்கள் சொந்தமாக ஒரு வேஷம் எழுதிக்கொண்டு வரலாம். ஹோம்ப்ரூ என்பார்கள். டாக்டருக்குப் பிடித்தால் கிளினிக் முத்திரையை எடுத்துத் தாளில் குத்துவார். அப்புறம்தான் அது அந்த மேஜைக்குச் சொந்தம்.

செல்வின் எழுதிய வேஷத்துக்குப் பெயர் கண்மூடான்.

தூங்க மாட்டான். பசிக்காது. அடிபட்டால் காயம் தானாக ஆறும். இருட்டிலும் கண் தெரியும்.

“பலம் ஜாஸ்தின்னு நினைக்கீங்களோன்னு கத்தியைச் சின்னதாக்கினேன். உயிர்ப் புள்ளியைக் குறைச்சேன். இப்பம் ஒரு எலி கடிச்சாலே பாதி உயிர் போயிரும். இன்னும் என்ன குறை?”

“பலம் ஜாஸ்தின்னு நான் சொல்லவே இல்லையே.”

“பின்ன என்னதான் தப்பு?”

டாக்டர் பகடைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செல்வினுக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். ஒரு உருப்படியைத் திருப்பி அனுப்பினால் எங்கே குறை, எவ்வளவு குறை என்று எழுதிக் கொடுத்துப் பழகியவர். இப்படி மொட்டையாக ‘இல்லை’ என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“இன்னைக்கும் முத்திரை விழலைன்னா, அடுத்த வாரம் நான் வரல.”

சொல்லிவிட்டார். சொன்ன மறுநிமிஷமே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வேலை மாறி வந்த ஊர். அறை, தொழிற்சாலை, மெஸ், மறுபடி அறை. வாரம் முழுக்க அவரிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசுகிற இடம் இந்த ஒரு மேஜைதான். இதையும் விட்டால் போக்கிடம் கிடையாது. வீறாப்புக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது!

“முத்திரை அப்புறம். இன்னைக்கு அவனையே ஆடிப் பாருங்க,” என்றார் டாக்டர்.

மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். நாச்சியப்பன் வங்கியில் கேஷியர், மேஜையில் வைத்தியர். கோமளா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மேஜையில் திருடி.

கதை தொடங்கியது. காட்டுப் பாதையில் ஓநாய்க் கூட்டம். அடித்து விரட்டினார்கள். கண்மூடானுக்குத் தோளில் நல்ல கடி.

“தோளைக் காட்டுங்க, மந்திரம் போடறேன்,” என்றார் நாச்சியப்பன்.

“பரவால்ல. அதுவா ஆறிரும்.”

நாச்சியப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“ஊருக்குள்ள ஒரு ரொட்டி திருடினேன்ல, அதைப் பங்கு போடலாமா?” என்றாள் கோமளா.

“பரவால்ல. இவனுக்குப் பசிக்காது.”

கோமளா நாச்சியப்பன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செல்வினுக்கு உள்ளூரப் பெருமை. யாருக்கும் பாரமில்லாத ஆள். இப்படி ஒருத்தனைத்தானே உண்டாக்க நினைத்தார்!

காட்டில் பொழுது சாய்ந்தது. கிளினிக் வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“கூடாரம் போட்டாச்சு,” என்றார் டாக்டர். “யார் யார் காவல்?”

அந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரிக் காவலுக்கு இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். தீ எரியும். வேறு வேலை இல்லாததால் பேச்சு வரும். நாச்சியப்பனின் வைத்தியர் தன் செத்துப்போன தங்கையைப் பற்றி வாய்திறந்ததே போன கதையில் ஒரு காவலின்போதுதான். எந்தச் சண்டையில் யார் யாரை வெட்டினார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அந்தத் தங்கையை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

“அட, நம்ம கண்மூடான் இருக்காரே! விடிய விடிய அவரே பார்த்துக்குவார்,” என்று கோமளா கைதட்டினாள்.

“அப்பாடா! டாக்டர், நாங்க ரெண்டு பேரும் தூங்கியாச்சு,” என்று நாச்சியப்பன் எழுந்தார். “எதிர்த்தாப்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறோம். சார், உங்களுக்கு?”

“பரவால்ல. நான் காவல்ல இருக்கேன்.”

கதவு சாத்திக்கொண்டது.

“முதல் ஜாமம்,” என்றார் டாக்டர். “என்ன செய்றீங்க?”

“சுத்திலும் பார்க்கேன்.”

பகடையை உருட்டினார். இருபது! அதற்கு மேல் அந்தப் பகடையில் எண்ணே கிடையாது. இருபது விழுந்தால் மேஜையே கத்தும். செல்வின் சிரித்தபடி நிமிர்ந்தார். இரண்டு காலி நாற்காலிகள்.

“பிரமாதமா பார்க்கறீங்க. கிளையில தூங்கற அணில்கூடத் தெரியுது. வேற ஒண்ணுமில்லை.”

“சரி.”

“ரெண்டாம் ஜாமம்.”

“உக்காந்திருக்கேன்.”

“தீ எரியுது. அவங்க தூங்கறாங்க. வேற ஒண்ணுமில்லை.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, டீக்கடை வாசலில் கோமளா ஏதோ சொன்னாள். நாச்சியப்பன் டீ சிந்தச் சிரித்தார். என்ன சொல்லியிருப்பாள்?

“மூணாம் ஜாமம்.”

செல்வின் பகடையைக் கையில் எடுத்தார், உருட்டவில்லை.

இந்த ஜாமம் அவருக்குத் தெரியும். அம்மா படுக்கையில் கிடந்தபோது இந்நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். “செல்வின், முழிச்சிருக்கியாப்பா?” “இருக்கேம்மா.” அவ்வளவுதான், வேறொன்றும் கேட்க மாட்டாள். அம்மா போன பிறகும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்தது. அப்புறம் தூக்கமே வராமல் போயிற்று. அதைத்தான் ஒரு சக்தி என்று கண்மூடானின் தாளில் முதல் வரியாக எழுதி வைத்திருந்தார். கேட்க ஒருத்தி இருந்தபோது முழித்திருந்தது கஷ்டமாகவே தெரியவில்லை. இப்போது தாங்க முடியவில்லை.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

கதவு திறந்தது. “என்ன டாக்டர், விடிஞ்சாச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருவரும் உட்கார்ந்தார்கள்.

“இன்னும் இல்லை. மூணாம் ஜாமம். செல்வின், என்ன செய்றீங்க?”

“வைத்தியரை எழுப்புதேன்.”

நாச்சியப்பன் நிமிர்ந்தார். “என்னாச்சு, ஓநாயா?”

“இல்ல.”

“காயம் வலிக்குதா?”

“ஆறிட்டு.”

“அப்புறம் எதுக்கு எழுப்பறீங்க?”

செல்வின் பகடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சும்மாதான். தனியா இருக்கேன்.”

சிரிக்கப்போன கோமளா, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“விதியைச் சொல்லிடறேன்,” என்றார் டாக்டர். “பாதித் தூக்கத்துல எழுந்தா வைத்தியரோட மந்திரம் நாளைக்குப் பலிக்காது. நாளைக்குப் பாலத்துல பூதம் இருக்கு. எழுப்பணுமா?”

“ஐயோ, அப்பம் வேண்டாம். பரவால்ல, நானே...”

“பரவால்ல,” என்றார் நாச்சியப்பன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “எழுந்தாச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், குளிருது.”

வேண்டாம் என்று சொன்னவருக்கும் ஒரு பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்திருந்தார். அதை நகர்த்தி வைத்தார். செல்வின் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். கண்மூடானின் தாளில் ஓங்கி ஒரு குத்து.

“டாக்டர், அதுல நான் ஒண்ணுமே மாத்தலையே!”

டாக்டர் தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

“மூணாம் ஜாமம். ரெண்டு பேர் முழிச்சிருக்கீங்க. என்ன பேசறீங்க?”