வசந்தமணியின் விருந்து டெக்

"மறுபடியும் தோத்துட்டேன் குருவே" என்றாள் வசந்தமணி.

குரு நிமிரவில்லை. கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

"வெறும் அஞ்சு கார்டுல போச்சு. போன வாரமும் இப்படித்தான். எனக்கு மட்டும் ஏன் கண்ணு இப்படி ஆகுது?"

குருவைப் போய் யாராவது கண்ணு என்று கூப்பிடுவார்களா என்று கேட்காதீர்கள். குருவுக்கு வயது இருபத்திரண்டு. பெயர் ஷெரின். சிஷ்யைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை. மகனுக்கென்று வாங்கிய கார்டுகளை அவன் ஒரு மாதத்தில் மறந்துவிட்டான். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

குரு என்று முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் ஷெரினை ஜெயித்த ஆளே இல்லை என்று தெரிந்ததும் கிண்டல் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆட்டத்தின் பெயர் கோட்டை. சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில், நாலு மேசை போட்ட ஒரு கடையில் ஆடுவார்கள்.

ஆளுக்கு ஒரு டெக். நாற்பது கார்டு, குப்புற அடுக்கியிருக்கும். உங்கள் முறை வந்தால் மேலே இருப்பதை எடுக்க வேண்டும். வீரனாக இருந்தால் ஏவலாம். மதிலாக இருந்தால் தடுக்கலாம். எதிராளியின் கோட்டையில் இருபது கல். அத்தனையையும் தட்டிவிட்டால் ஜெயம்.

ஜெயிக்க இன்னொரு வழியும் உண்டு. கார்டு எடுக்க வேண்டிய நேரத்தில் ஒருவருடைய டெக் காலியாக இருந்தால் அவர் அவுட்.

அந்த வழியை ஒருத்தரும் சட்டை செய்வதில்லை. எல்லோரும் புலி டெக். புலி ஒரே அடியில் ஐந்து கல்லைப் பெயர்த்துவிடும். இன்டர்நெட்டில் யாரோ போட்டதைப் பார்த்து அப்படியே காப்பி அடித்து வைத்திருந்தார்கள்.

வசந்தமணிக்கு அது ஆகாது. "எல்லாரும் ஒரே சேலை கட்டினா அதுக்குப் பேரு யூனிஃபார்முங்க" என்பாள்.

அவள் டெக்கே வேறு. அதில் பாதிக்குப் பாதி விருந்து கார்டு. விருந்தைப் போட்டால் எதிராளிக்கு மூன்று கார்டு லாபம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்தச் செலவுக்கு, போட்டவருடைய டெக்கிலிருந்து நான்கு கார்டு கழிந்துபோகும். எந்த மடையன் இதைப் போடுவான்? பாக்கெட்டைப் பிரித்து விருந்து வந்தால், மூலையில் கிடக்கும் அட்டைப்பெட்டியில் வீசிவிட்டுப் போய்விடுவார்கள்.

வசந்தமணி அந்தப் பெட்டியில் பொறுக்கிப் பொறுக்கித்தான் டெக் சேர்த்தாள்.

போடு விருந்து. எடுத்துக்கோ மூணு. மறுபடி போடு விருந்து. எடுத்துக்கோ மூணு. நடுவில் புலி பாய்ந்தால் மதிலை வை. மதில் இல்லையா, பந்தி ஆள் என்று ஒரு கார்டு உண்டு, அவனை நிறுத்து. எதிராளியின் டெக் துடைத்துவிட்ட மாதிரி காலியாகும்வரை பரிமாறிக்கொண்டே இரு. சாப்பிடச் சொல்லியே ஆளைக் கவிழ்க்கிற திட்டம்!

கேட்க என்னவோ ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் விருந்தாளிக்கு மூன்று என்றால் வைக்கிறவளுக்கு நான்கு போகிறதே. ஒவ்வொரு தடவையும் எதிராளி இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும்போதே இவள் டெக் வழித்தெடுத்தாற்போல் தீர்ந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஜெயிக்கிற ஒருத்தர் பெங்களூர் ஆட்டத்துக்குப் போகலாம். அதைவிடப் பெரிய விஷயம், வசந்தமணி வாயை விட்டிருந்தாள். "இதுலயும் தோத்தா இந்த டெக்கைக் கலைச்சுட்டு நானும் புலியே எடுத்துக்கறேன், போங்க!" கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னது. இனி முழுங்க முடியாது.

"எதை எடுக்கட்டும், எதைச் சேர்க்கட்டும்? ஏதாவது சொல்லு குருவே."

ஷெரின் கையை நீட்டினாள். "டெக் டப்பாவைக் குடுங்க்கா."

வசந்தமணி கொடுத்தாள். அந்தக் கடையிலேயே விற்கிற டப்பாதான். எல்லோரிடமும் அதே அளவுதான், நிறம்தான் வேறு வேறு.

ஷெரின் கார்டுகளை மேசையில் கொட்டினாள். அவற்றைச் சேர்த்து வசந்தமணி பக்கம் தள்ளினாள். டப்பாவைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அவ்வளவுதாங்க்கா. போயிட்டு வாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"சொல்லிட்டேனே."

ஷெரின் மறுபடி உறையை எடுத்துக்கொண்டாள்.

வசந்தமணி முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். நல்ல குரு. பதில் கேட்டால் டப்பாவைப் பிடுங்கிக்கொள்கிற குரு!

மறுநாள் கார்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள். பஸ்ஸில் ரப்பர் பேண்ட் அறுந்தது. இரண்டு பந்தி ஆள் டிரைவர் சீட் வரைக்கும் போய்விட்டார்கள். ஒவ்வொருத்தர் காலாக நகர்த்தச் சொல்லிப் பொறுக்கியெடுப்பதற்குள் மானமே போனது.

மதியம் சாப்பிட்டு முடித்தாள். டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, டெக்கை அதற்குள் வைத்து மூடினாள். தூக்கிப் பார்த்தாள். உள்ளே கடகடவென்று ஆடியது.

டிபன் பாக்ஸ் பாதியாக இருந்தால் வசந்தமணிக்குப் பொறுக்காது. பையில் வேறு கார்டுகள் கிடந்தன. உபரி விருந்து, உபரி மதில், நாலைந்து பந்தி ஆட்கள். ஒரு கை அள்ளி வைத்தாள். ஆடியது. இன்னொரு கை. மூடினாள். இப்போது ஆடவில்லை.

திருப்தியாக அதைத் தட்டிக்கொடுத்தாள்.

தட்டின கை அப்படியே நின்றது.

"அக்கா, என் டோக்கன்..." என்று ஜன்னலில் யாரோ கேட்டார்கள்.

வசந்தமணி காதில் விழவில்லை. போனை எடுத்து ஆட்ட விதியைத் தேடினாள். இருந்தது, முதல் வரியிலேயே இருந்தது. டெக்கில் நாற்பது கார்டுக்குக் குறையக் கூடாது.

குறையக் கூடாது! கூடக் கூடாது என்று எங்கே இருக்கிறது? கீழே வரைக்கும் தேடினாள். எங்கேயும் இல்லை.

கார்டு குறைவாக இருந்தால் புலி சீக்கிரம் கைக்கு வரும், அதனால் எல்லோரும் நாற்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். டப்பாக்காரனும் நாற்பதுக்கே டப்பா செய்தான். அவளும் இத்தனை நாள் அந்த டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்து போதவில்லை போதவில்லை என்று அழுதுகொண்டிருந்திருக்கிறாள்!

"அட என் ராசாத்தி!" என்று கத்தினாள். ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துக் காத்திருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். டிபன் பாக்ஸைக் குருவின் முன்னால் திறந்து வைத்தாள்.

ஷெரின் உள்ளே பார்த்தாள்.

"உறை எத்தனை வேணும்க்கா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை.

"என்னக்கா இது, அரிசி மூட்டையோட வந்திருக்கீங்க?" என்று சிரித்தான் தினகர். புலி டெக் ஆடுகிறவர்களில் கெட்டிக்காரன். முதல் ஆட்டமே அவனோடுதான்.

"உக்காரு சாமி. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

போட்டாள் விருந்து. தினகர் சந்தோஷமாக மூன்று எடுத்தான். மறுபடி விருந்து. மறுபடி மூன்று. புலி பாய்ந்தது, மதில் தடுத்தது. இன்னொரு புலி, ஒரு பந்தி ஆள் காலி. போகட்டும். இந்தா விருந்து.

தினகர் சிரிப்பதை நிறுத்தினான். தன் டெக்கைப் பார்த்தான். அவள் டெக்கைப் பார்த்தான். அது இன்னும் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

"போதும்க்கா" என்றான், தன்னையறியாமல்.

"அதெப்படி? இன்னும் பாயசமே வரலை."

தினகர் அவுட். அடுத்த ஆள் அவுட். அதற்கடுத்தவரும் அவுட்! மாடி முழுக்க ஒரே இரைச்சல். மற்ற மேசைகளில் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். வசந்தமணிக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி ஆட்டம். எதிரில் குரு.

'பாவம் கண்ணு' என்றுகூட நினைத்துக்கொண்டாள். அவ்வளவு தைரியம் வந்திருந்தது.

ஷெரின் பைக்குள் கையை விட்டு டெக்கை எடுத்து வைத்தாள். மேசை தொம்மென்றது. வசந்தமணியின் டெக் அதில் பாதிகூட இருக்காது.

வசந்தமணி முகத்தில் ஈயாடவில்லை.

"குருவே! இது என்னோட ஐடியா!"

"ஆமாங்க்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அடிப்பாவி!

ஆட்டம் தொடங்கியது. பழக்க தோஷத்தில் விருந்தைப் போட்டாள். குரு மூன்று எடுத்துக்கொண்டு "நன்றிங்க்கா" என்றாள். இன்னொரு விருந்து. "இன்னும் கொஞ்சம் வைங்க்கா." அந்த மலையில் ஒரு சுரண்டல்கூடத் தெரியவில்லை. இவள் டெக்தான் எட்டு கார்டு இளைத்திருந்தது.

இப்படியே போனால் இவள்தான் முதலில் காலி. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கையில் புலி டெக் இருக்கும். எத்தனை நாள் குப்பைப் பெட்டியில் குனிந்து பொறுக்கியது.

மூன்றாவது விருந்தை விரலில் பிடித்தபடி எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

குரு இதுவரை இறக்கியது ஒரு கழுதை. ஒரு கிணறு. ஒரு வைக்கோல் போர். ஏவவும் ஆகாது, தடுக்கவும் ஆகாது. மதில் ஒன்றுகூட இல்லை. ஒரு புலியும் இல்லை.

பின்னே? அவ்வளவு பெரிய டெக்கை எதைப் போட்டு ரொப்புவாள்? கண்டதையும் போட்டுத்தான் ரொப்ப வேண்டும். புலி எந்த மூலையில் கிடக்கிறதோ. மூன்று மூன்றாகத் தேடி எடுத்துக் கையில் கொடுக்கிற புண்ணியவதி யார் என்று யோசித்தாள்.

விருந்து கார்டைத் திரும்பக் கைக்குள் செருகினாள்.

"என்னக்கா, விருந்து இல்லையா?"

"இல்லை கண்ணு. இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலை."

பந்தி ஆளை எடுத்தாள். கையில் கரண்டியோடு நிற்கிற ஆள். கணக்குப்படி அவனும் வீரன்தான், பலம் ஒன்று. புலிக்கு முன்னால் நின்று அடி வாங்குவதைத் தவிர இதுவரை அவன் ஒன்றும் செய்ததில்லை. அவனைக் கோட்டை மேல் ஏவினாள்.

ஒரு கல் விழுந்தது.

குரு ஒரு கார்டு எடுத்தாள். இன்னொரு கிணறு.

வசந்தமணி இரண்டாவது பந்தி ஆளை இறக்கினாள். இரண்டு கல். குரு எடுத்தாள். இன்னொரு கழுதை. மூன்றாவது ஆள், மூன்று கல். கரண்டிக்காரர்கள் வரிசையாகப் போய்க் கோட்டையைத் தட்டுகிறார்கள், தடுக்க ஒரு செங்கல் இல்லை! தினகர் மேசையைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

கடைசியில் குருவின் கைக்குப் புலி வந்தது. பெரிய புலிதான். அது வந்து நின்றபோது கோட்டையில் மூன்றே கல் மிச்சம். இந்தப் பக்கம் ஐந்து பந்தி ஆட்கள். ஒருத்தனைப் புலி அடித்தது. மற்ற நாலு பேரும் போய்க் கதையை முடித்தார்கள்.

மாடி அதிர்ந்தது. ஷெரின் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வாயெல்லாம் பல்.

"உண்மையைச் சொல்லு. வேணும்னுதானே தோத்தே?"

"சத்தியமா ஜெயிக்கத்தாங்க்கா வந்தேன்."

வசந்தமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். மூலையில் அடிதடி. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு விருந்து கார்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். தினகர் இரண்டு கை நிறைய அள்ளியிருந்தான்.

"அக்கா, வீடியோ பெங்களூர் வரைக்கும் போயிடுச்சு. அங்கயும் எல்லாரும் டெக்கைப் பெருசாக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்!" அவனுக்குப் பேச்சே முட்டியது. "நீங்க அங்க எத்தனை கார்டோட போறீங்க? நூறா? நூத்தம்பதா?"

வசந்தமணி குருவைப் பார்த்தாள். குரு தன் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

தன் விருந்து கார்டுகளை மொத்தமாக அள்ளி தினகர் பக்கம் தள்ளினாள்.

"இந்தா சாமி, எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோ. எனக்கு நாப்பது கார்டு போதும், உன்னோட புலியெல்லாம் குடுத்துரு."