பச்சைப் பாவாடை கட்டிய நரி

அஸ்டெக் மக்களின் நாட்டில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் கரையில், கோரைப்புல்லுக்குள், ஒரு வாத்து ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தவளை குடியிருந்தது.

ஒருநாள் காலை ஒரு நரி அங்கே வந்தது. இடுப்பைச் சுற்றிப் பாசி தொங்க, பின்னங்கால்களில் நின்றது.

“நான்தான் தண்ணீர்த் தேவி சால்சியூட்லிக்யூ. என் பச்சைக்கல் பாவாடை தெரிகிறதா? அந்த முட்டைகளைப் படையுங்கள். இல்லாவிட்டால் எல்லோரையும் மூழ்கடிப்பேன்!”

தவளை நடுங்கியது. “கொடுத்துவிடு அக்கா. அந்தக் காலத்தில் உலகத்தையே வெள்ளத்தில் மூழ்கடித்தவள் அவள்.”

வாத்து அடையைவிட்டு எழுந்திருக்கவில்லை. நரியின் நாக்கில் எச்சில் ஊறுவதை அது பார்த்துவிட்டது.

“தாயே, வெறும் முட்டையா உங்களுக்கு? முதலில் கொழுத்த மீன் நாலு பிடித்துத் தரட்டுமா?”

“மீனா? தலையோடு கொண்டு வா. தலைதான் ருசி.”

தவளையின் நடுக்கம் நின்றது.

“ஏன் தேவி, அந்த வெள்ளத்தில் மனிதர்கள் சாகக் கூடாதென்று அவர்களை மீன்களாக மாற்றியது நீங்கள்தானே? காப்பாற்றிய பிள்ளைகளையே தலையோடு கேட்கிறீர்களே?”

நரி விழித்தது. “அது... அது வேறு மீன்.”

“ஓகோ, எங்கள் ஏரி மீன் மட்டும் உங்களுக்கு உறவில்லையோ?”

அவமானம் தாங்காமல் நரி கூட்டின்மேல் பாய்ந்தது. பாசி காலில் சிக்கியது. தடுமாறி ஏரிக்குள் விழுந்தது. ஆழமான இடம். பாசி நன்றாகச் சுற்றிக்கொண்டதால் நீந்தவும் முடியவில்லை.

“காப்பாற்றுங்கள்!” என்று அலறியபடி இரண்டு முறை முங்கியது.

அப்போது காற்றே இல்லை. ஆனாலும் ஏரியின் நடுவிலிருந்து ஒரே ஓர் அலை எழுந்து வந்தது. நரியைத் தூக்கிப்போய் எதிர்க்கரைச் சேற்றில் வைத்துவிட்டுத் திரும்பியது.

தவளை வாயைப் பிளந்தது. “அக்கா, இந்தத் திருடனையுமா காப்பாற்றுவாள்?”

“அதனால்தான் அவள் தேவி,” என்றது வாத்து, முட்டைகளைப் புரட்டிவிட்டுக்கொண்டே.

பயமுறுத்திப் பிடுங்குவது வல்லமை ஆகாது. அழிக்க முடிந்தும் காப்பாற்றுவதே உண்மையான வல்லமை.