திரும்பி வரும் வளரி கேட்டு வந்தவன்

“ஆத்தா, எறிஞ்சா கைக்கே திரும்பி வர்ற வளரி ஒண்ணு இருக்காமே. அதை எனக்குக் கத்துக் குடுக்கணும்.”

ஆனைப்பாறை உச்சிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தவன், குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டான். பெயர் பேக்காமன். காதோரம் நரைத்த மனுஷன்.

பாறை நிழலில் ஒச்சம்மா கருவேலங்கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். பிறைபோல வளைந்து, ஒரு முனை கனத்து, மறுமுனை கைக்கு அடங்கும்படி அது வளரியாகிக்கொண்டிருந்தது.

அவள் அவனைவிட இளையவள். ஆனாலும் அந்தப் பக்கத்தில் கிழவன்மார்கூட அவளை ஆத்தா என்றுதான் அழைத்தார்கள். மாடு திருடிக்கொண்டு ஓடுகிறவன் காலைப் பார்த்து அவள் எறிந்தால், ஓடுகிறவன் விழுவான், சாக மாட்டான். கால் தேறியதும் நொண்டிக்கொண்டே வந்து, அதே வித்தையைக் கற்றுத் தரச் சொல்லி அவளிடம் கெஞ்சுவான்.

“எதுக்கு அப்பு உனக்குத் திரும்பி வர்ற வளரி?”

“ஊர் மந்தையில நாலு பேர் பார்க்க எறியணும்.”

“எறிஞ்சு?”

“போனது தானா வரும்னு காட்டணும்.”

ஒச்சம்மா செதுக்குவதை நிறுத்தினாள்.

“எது போச்சு?”

“ஒண்ணும் போகலை. சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்கவா இம்புட்டு உசரம் ஏறினே?”

பேக்காமன் தலைத்துண்டை அவிழ்த்தான். உதறினான். மறுபடி கட்டினான்.

“பொஞ்சாதி போயிட்டா ஆத்தா.”

நடந்தது இதுதான்.

மாசிப் படையல் முடிந்து ஊரே வேட்டைக்குப் போயிருந்தது. படையலுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த மச்சானும் கூடப் போயிருந்தான். ஒரு முயல் விழுந்தது. யாருடைய வளரி முயலுக்குப் பக்கத்தில் கிடக்கிறதோ, முதல் பங்கு அவனுக்கு. அதுதான் வழக்கம். பேக்காமன் முந்தி ஓடிப்போய், “என்னோடது!” என்றான்.

கறி பிரிக்கும் நேரத்தில் அவன் மனைவி மாயக்காள் சத்தமாகக் கேட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

“இந்தாங்க, உங்க வளரி அந்தா இலந்தை முள்ளுக்குள்ள கிடக்கு. முயல்கிட்டக் கிடந்தது எங்க அண்ணனோடது இல்ல?”

ஊர் சிரித்தது. ஒரு நாய் குரைத்தது. அதுவும் சிரிக்கிறதாகவே அவனுக்குப் பட்டது.

“அண்ணன்தான் ஒசத்தின்னா அண்ணன் வீட்டுக்கே போ!”

போய்விட்டாள்.

அதோடு விட்டானா? மந்தையில் நின்று, எல்லோரும் கேட்கச் சத்தியமும் செய்தான். “தானா வந்தா வரட்டும். நானாப் போய்க் கூப்பிட்டா நான் பேக்காமன் இல்லை!”

அன்றிலிருந்து பசு அவனுக்குப் பால் சுரக்கவில்லை. கூழ் அடிப்பிடித்தது. கதவு அசைந்தபோதெல்லாம் எழுந்து பார்த்தான். காற்று.

ஒச்சம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பாறையிடுக்கில் சாத்தி வைத்திருந்தவற்றில் மெல்லிய வளரி ஒன்றை எடுத்தாள். எழுந்து நின்று வீசினாள்.

அது விர்ரென்று போனது. வானத்தில் ஒரு வட்டம் போட்டது. கீழே குளத்தில் மேய்ந்த கொக்குக் கூட்டம் பருந்தென்று நினைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டது. வளரி திரும்பி வந்து அவள் கையில் உட்கார்ந்தது.

“அடி ஆத்தீ!” பேக்காமன் கை தட்டினான். “இதுதான்! இதைத்தான் கேட்டேன்!”

“பறவையை மிரட்டி வலைப்பக்கம் இறக்குறதுக்கு இது ஆகும். பிள்ளைக விளையாடவும் ஆகும்.”

“முயலை அடிக்குமா?”

ஒச்சம்மா கனமான இன்னொன்றை எடுத்து வீசினாள். அது வளையவில்லை, நெளியவில்லை. நேரே போய்த் தூரத்துக் கள்ளியின் தலையைச் சீவிவிட்டு அங்கேயே விழுந்தது.

பேக்காமன் காத்திருந்தான்.

“இது ஏன் வரலை?”

“அங்க அதுக்கு வேலை இருந்துச்சு.”

“முன்னால எறிஞ்சது மட்டும் வந்துச்சே?”

“அது எதையும் தொடலை. வந்துருச்சு.”

அவனுக்கு இது பிடிக்கவில்லை. வந்து சேரும் வளரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“எனக்கு இதையே சொல்லிக் குடுங்க.”

“குடுக்கிறேன். போய் எடுக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் வர்றதைப் பிடிக்க வரும். முதல்ல அந்தக் கனத்ததை எறி. அது விழுந்த இடத்துல நின்னு மறுபடி எறி. கையில தூக்கிக்கிட்டு இங்க திரும்பி வராதே.”

“எந்தப் பக்கம் எறியட்டும்?”

“நாலு பக்கமும் வெட்டவெளி. உன் கை, உன் இஷ்டம்.”

பேக்காமன் இறங்கிப் போய்க் கள்ளிக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்தான். நாலு பக்கமும் பார்த்தான். எறிந்தான்.

ஒச்சம்மா கம்புருண்டை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

எறிவதும் நடப்பதும், எறிவதும் நடப்பதுமாகப் போனது பொழுது.

பேக்காமன் லேசில் எறிகிற ஆள் இல்லை. யார் தலையிலாவது பட்டுவிட்டால்? ஆடு குறுக்கே வந்தால்? யாராவது புதருக்குள் குனிந்து விறகு பொறுக்கிக்கொண்டிருந்தால்? ஒவ்வொரு தடவையும் ஆளில்லாத காட்டைப் பார்த்து, “விலகுங்க! விலகுங்க!” என்று கத்திவிட்டுத்தான் எறிந்தான்.

“யாரை அப்பு விலகச் சொல்றே?”

“இருந்தா விலகிக்கிடட்டும்னுதான்.”

ஒரு தடவை வளரி பூசணிக் கொடிக்குள் விழுந்தது. தோட்டக்காரி இடுப்பில் கை வைத்து எழுந்தாள்.

“எந்த எடுபட்ட பயடா என் பிஞ்சை உடைச்சது?”

“நான்தான் தாயி. தெரியாமப் பட்டுருச்சு.”

“தெரியாமப் பட்டா பிஞ்சு ஒட்டிக்கிடுமா?”

“ஒட்டாது தாயி.”

“தெரியுதுல்ல? எடுத்துட்டுப் போ.”

அவ்வளவுதான். பேக்காமனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னும் நிறையத் திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

ஆலமர நிழலில் கம்புருண்டை தின்றார்கள்.

“ஆத்தா, அரண்மனையில தந்தத்துல வளரி இருக்காமே?”

“இருக்கு. ராசா பிடிச்சுக்கிட்டு நிப்பார். எறிய மாட்டார்.”

“ஏன்?”

“போய் எடுக்கிறது யாரு?”

பேக்காமன் விழுந்து விழுந்து சிரித்தான். ராசாவுக்கும் அந்தக் கஷ்டம் இருக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு ஆறுதல்.

“தொண்டித் துறையில ஒரு கப்பல்காரன் சொன்னான்,” என்றாள் ஒச்சம்மா. “கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தேசமாம். அங்கயும் இதே மாதிரி வளைஞ்ச கட்டை வச்சிருக்காகளாம். அந்த ஊர் மிருகம் ரெண்டு கால்ல குதிச்சுக் குதிச்சு ஓடுமாம். வயித்துல பை. பைக்குள்ள குட்டி.”

“வயித்துல பையா? கப்பல்காரன் கள்ளு குடிச்சிருப்பான்.”

“இருக்கும்.”

“அவுக எறிஞ்சா திரும்பி வருமாமா?”

“விளையாட்டுக்குச் செஞ்சது வருமாம். வேட்டைக்குச் செஞ்சது வராதாம்.”

“அங்கயுமா?” பேக்காமன் முகம் தொங்கியது. “அவுகளும் போய்த்தான் எடுக்கணுமா?”

“கடல் தாண்டினா கால் வலிக்காதுன்னு நினைச்சியா?”

எழுந்தான். எறிந்தான். நடந்தான்.

வெயில் தாழும்போது ஒரு கண்மாய்க் கரைமேல் வளரி விழுந்து கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. கரைக்குக் கீழே ஒரு ஊர். ஊர் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த மதில். மதிலுக்கு மேலே ஒரு முருங்கை.

“ஆத்தா.”

“என்ன?”

“இது என் மச்சான் ஊரு.”

“அப்படியா?”

“அது மச்சான் வீடு.”

“நல்ல முருங்கை.”

பேக்காமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏமாத்தி என்னை இங்க கூட்டியாந்துட்டீக!”

“நான் உன் பின்னாலதானே வந்தேன்?”

பேக்காமன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். ஆனைப்பாறை தூரத்தில் கடுகுபோலத் தெரிந்தது. கோடு போட்டது மாதிரி நேரே வந்திருந்தான்.

“சத்தியம் பண்ணியிருக்கேன் ஆத்தா.”

“அவளைக் கூப்பிட மாட்டேன்னு. அதுதானே?”

“ஆமா.”

“வளரியை எடுக்க மாட்டேன்னு ஏதாவது பண்ணியிருக்கியா?”

“இல்லை.”

“அப்ப எறி.”

சொல்லிவிட்டு ஒச்சம்மா கரையில் சாய்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பேக்காமன் கரையை விட்டு இறங்கி மதிலுக்குக் கொஞ்சதூரத்தில் போய் நின்றான். வளரியைப் பார்த்தான். மதிலைப் பார்த்தான். “விலகுங்க!” என்று கத்த வேண்டும். இந்தத் தடவை கத்தவில்லை.

எறிந்தான்.

மதிலுக்கு உள்ளே டமார் என்று ஒரு சத்தம். கோழிகள் கொக்கரித்தன.

“அய்யோ, என் தயிர்ப்பானை!”

அது மாமியார் குரல்.

வாசலுக்கு முதலில் வந்தவன் மச்சான் கழுவன். பேக்காமனை மேலும் கீழும் பார்த்தான். மீசைக்குள் சிரித்தான்.

“வாங்க மச்சான். முயல் இந்தப் பக்கம் ஓடி வந்துருச்சா?”

பேக்காமன் தலை குனிந்து முற்றத்துக்குள் நுழைந்தான். தரையெல்லாம் தயிரும் ஓடுமாகக் கிடந்தது. நடுவில் மாயக்காள் நின்றாள். கையில் அவன் வளரி. அதிலிருந்து தயிர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமியாருக்குப் பானை போன துக்கம் அதற்குள் பறந்துவிட்டது.

“அடியே மாயக்கா, மாப்பிள்ளை வீட்டு வளரி வாசலுக்கு வந்தா பொண்ணை அழைக்கிறாகன்னு அர்த்தம்டி! அதுதானே நம்ம வழக்கம்? உன்னைக் கட்டுறப்பவும் இப்படித்தான் வந்துச்சு.”

“அப்பத் தாம்பாளத்துல வந்துச்சு. இப்பத் தயிர்ப்பானையில வந்திருக்கு.” மாயக்காள் அவனைப் பார்த்தாள். “நீங்க எதுக்கு வந்தீக?”

பேக்காமன் அவள் கையிலிருந்த வளரியைக் காட்டினான்.

“வளரி விழுந்துருச்சு. எடுக்க வந்தேன்.”

அவள் சேலைத் தலைப்பால் வளரியை நன்றாகத் துடைத்தாள். அவன் கையில் கொடுத்தாள்.

“எடுத்தாச்சுல்ல?”

“எடுத்தாச்சு.”

“சரி.”

விளக்குமாற்றை எடுத்து ஓடுகளைக் கூட்டத் தொடங்கினாள்.

பேக்காமன் தெருவுக்கு வந்தான். தூரத்தில் கரைமேல் ஒச்சம்மா அசையாமல் படுத்திருந்தாள். தூங்குகிறாளோ என்னவோ. விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறி என்று அவள் சொல்லியிருந்தாள். இனி எந்தப் பக்கம் எறிவது?

கை ஒரு பக்கமும் போகவில்லை.

வளரியை மதிலில் சாத்தி வைத்தான். வெறுங்கையோடு மறுபடி உள்ளே போனான்.

மாயக்காள் நிமிராமலே கேட்டாள்.

“இன்னும் என்ன விழுந்துச்சு?”

“ஒண்ணும் விழலை. உன்னைக் கூப்பிட வந்தேன்.”

விளக்குமாறு நின்றது.

“சத்தியமெல்லாம் பண்ணினீகளாமே?”

“பண்ணினேன்.”

“ஊருக்கு என்ன சொல்லுவீக?”

“நான் பேக்காமனே இல்லைன்னு ஊரு சொல்லிக்கிடட்டும்.”

“அப்ப உங்களை நான் என்னன்னு கூப்பிடுறது?” என்றான் கழுவன்.

“நீ எப்பவும்போல மச்சான்னே கூப்பிடு. கழுவா, அந்த முயலை அடிச்சது உன் வளரிதான்.”

“அது அன்னைக்கே தெரியும் மச்சான். முயலுக்கே தெரியும்.”

மாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிப் பக்கம் ஓடினாள். மாயக்காள் சிரிக்கவில்லை. விளக்குமாற்றை மூலையில் வைத்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

கோபமாகத்தான் போகிறாள் என்று பேக்காமன் நினைத்தான். கதவைச் சாத்திக்கொள்வாளோ? எவ்வளவு நேரம் நிற்பது? நிற்கலாமா, போய்விடுவதா?

அவன் கவலைப்பட்டு முடிப்பதற்குள் அவள் வாசலில் நின்றாள். தலையில் துணிமூட்டை. முடிச்சின்மேல் தூசி படிந்திருந்தது.

“இதுக்குள்ள எப்பக் கட்டினே?”

“எப்ப அவுத்தேன்?” என்றாள் மாயக்காள்.