யானையின் தாய்மாமனுக்குத் துக்கம் கேட்ட கதை

முன்னொரு காலத்திலே, உப்பும் மிளகும் விற்றுப் பிழைத்த கொம்பூரிலே, பேராயிரம் என்றொரு வணிகர் இருந்தார். அவருக்குச் செங்கமலம் என்று ஒரே மகள். பெண்களே, கேளுங்கள். பெண்ணைப் பெற்றவர்களே, நீங்களும் காதைக் கொடுங்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பெண் பார்க்கும் நாளில் பெண் வீட்டு வாசலில் யானை நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் யானைமேல் வர வேண்டும். யார் வைத்த வழக்கம்? யாரும் வைக்கவில்லை. எல்லாரும் செய்தார்கள், அவ்வளவுதான்.

நாட்டிலோ இருந்தது ஒரே யானை. பாகன் அதை வாடகைக்கு விட்டான். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் கௌரவம்.

செங்கமலத்துக்கு முதல் வரன் வந்த அன்று யானை வேறு வீட்டில் நின்றது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இரண்டாம் வரன் வந்த அன்று யானை கரும்புத் தோட்டத்தில் புகுந்துவிட்டது. அவர்களும் போனார்கள். “இதுவும் தவறினால் உன்னை யாரடி கட்டுவார்?” என்று தாய் உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவதாக, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து திருமேனி தம் மகன் சடையனோடு யானைமேல் வந்தார். தெருமுனையில் இருவரும் இறங்கினார்கள். பாகன் அதே யானையைக் கொல்லை வழியாக ஓட்டிவந்து பேராயிரத்தின் வாசலில் கட்டினான். யானைக்கு மூச்சு வாங்கியது. திருமேனியின் துண்டு இன்னும் அதன் கொம்பில் தொங்கியது.

“உங்கள் யானை நல்ல லட்சணம்” என்றார் திருமேனி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு.

“உங்களுடையதும் அப்படியே என்று கேள்வி” என்றார் பேராயிரம்.

சடையன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். கதவிடுக்கில் நின்ற செங்கமலம் அதைப் பார்த்தாள். கட்டினால் இவரைத்தான் என்று அப்போதே முடிவு செய்தாள்.

பேச்சு முடிந்தது. வாய் சும்மா இருக்குமா? “இரண்டு யானையையும் ஜோடியாக நிறுத்தித்தான் கல்யாணம்” என்று திருமேனி சொல்லிவிட்டார். “அதற்கென்ன!” என்று பேராயிரமும் சொல்லிவிட்டார்.

முதல் முகூர்த்தம் வந்தது. யானைக்குச் சளி என்று திருமேனி ஆள் அனுப்பினார். இரண்டாம் முகூர்த்தம் வந்தது. யானை காசிக்குப் போயிருக்கிறது என்று பேராயிரம் ஆள் அனுப்பினார். மூன்றாம் முகூர்த்தம் வந்தது. யானையின் தாய்மாமன் காலமாகிவிட்டார், ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் இல்லை என்று திருமேனி சொல்லியனுப்பினார்.

“வேறு இடம் பார்ப்போம்” என்றார் பேராயிரம். செங்கமலம் அழவில்லை. அப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

“அப்பா, சம்பந்தி வீட்டில் சாவு. துக்கம் கேட்கப் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும்?”

ஊர் என்றதும் பேராயிரம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூவரும் அக்கரையில் திருமேனி வீட்டு வாசலில் போய் இறங்கியதும் உலகம்மை தலைமுடியை அவிழ்த்துவிட்டு, “மலைபோல இருந்தீரே, ஐயா!” என்று ஒப்பாரி வைத்தாள். தெருவே கூடிவிட்டது.

“மாமா, யானையைக் காட்டுங்கள். கட்டிக்கொண்டு அழ வேண்டும்” என்றாள் செங்கமலம்.

திருமேனி மாட்டுக்கொட்டிலில் தேடினார். வைக்கோற்போருக்குப் பின்னால் தேடினார். “இங்கேதானே இருந்தது!” என்று நெற்குதிருக்குள்ளும் எட்டிப் பார்த்தார். கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “யானை இல்லை அம்மா. எப்போதும் இருந்ததில்லை.”

“யானை இல்லாத வீட்டிலா பெண் கொடுப்பேன்!” என்று குதித்தார் பேராயிரம்.

“உம்முடையது காசியிலிருந்து வந்துவிட்டதா, ஐயா?” என்றார் திருமேனி.

பேராயிரமும் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

“அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? இல்லாத யானையை இத்தனை நாள் பார்த்தீர்கள். இருக்கிற எங்களைக் கொஞ்சம் பாருங்கள்” என்றாள் செங்கமலம்.

சடையன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். இப்போது அவன் சிரிப்பை அடக்கவில்லை. துக்கம் கேட்க வந்த கூட்டமே கல்யாணக் கூட்டமாயிற்று. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு உலகம்மை அடுப்பு மூட்டினாள்.

ஆகவே, ஊர் மெச்ச வேண்டுமென்று இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவர், கையில் இருக்கிற நல்லதைத் தாமே கெடுத்துக்கொள்வார்.