பாசி விலக்கிய செம்பு

பிள்ளைகளே, ஒரு விடுகதை. ஒரே குளம், ஒரே செம்பு. முதலில் நிரம்பியதை யாரும் குடிக்கவில்லை. அடுத்து நிரம்பியதை எல்லோரும் குடித்தார்கள். ஏன்?

தெரியாவிட்டால் பரவாயில்லை. அஞ்சுகத்துக்கும் முதலில் தெரியவில்லை.

குளக்கரை மடத்தில் ஓர் அம்மையார் இருந்தார். மாலையில் சில பிள்ளைகள் அவரிடம் பாடம் கேட்டார்கள். கீழத்தெரு அஞ்சுகம் அவர்களில் ஒருத்தி.

ஒரு காலத்தில் கீழத்தெருக்காரர்கள் அந்தக் குளத்தில் இறங்கக் கூடாதென்று மேலத்தெருக்காரர்கள் தடை போட்டிருந்தார்கள். தாமோதரனார் என்பவர் ஆட்களைத் திரட்டி ஊர்வலமாக வந்தார். எல்லோரும் பார்க்க ஒரு செம்பு தண்ணீர் முகந்து குடித்தார். தடை போயிற்று. ஆண்டுதோறும் அந்த நாளில் பிள்ளைகள் ஊர்வலம் வருவார்கள். தாமோதரனார் வேடமிட்ட பிள்ளை முதலில் இறங்கிக் குடிக்கும். அந்தப் பிள்ளைக்குத்தான் பூமாலை.

இந்த ஆண்டு வேடம் அஞ்சுகத்துக்குக் கிடைத்தது. வெகுநாளாக அவள் கேட்டு வந்த வேடம். தோழி சிந்தாமணிக்கும் அதில் ஆசை. "மீசை ஒட்டினால் உனக்குத் தும்மல் வரும். மாலை எனக்குத்தான், பாரேன்" என்று சீண்டிக்கொண்டே இருந்தாள்.

விழாவுக்கு முந்தைய மாலை அஞ்சுகம் அம்மையாரிடம் வந்தாள்.

"அம்மா, இந்தக் குளத்தில் முதன்முதலாக இறங்கும்போது தாமோதரனார் எப்படி நடந்திருப்பார்? வேகமாகவா, மெதுவாகவா?"

அம்மையார் ஒரு செம்பைக் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

குளத்தைப் பாசி மூடியிருந்தது. அஞ்சுகம் செம்பால் பாசியைத் தள்ளி முகந்தாள். பாசியும் சேர்ந்து வந்தது. அதைப் படியில் கொட்டிவிட்டு, விலகிய இடத்தில் மறுபடி முகந்தாள். தெளிந்த தண்ணீரோடு ஏறி வந்தாள்.

"முதல் செம்பு எங்கே?" என்றார் அம்மையார்.

"அதில் பாசி அம்மா. கொட்டிவிட்டேன். எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள்?"

"ஆமாம். அப்படித்தான் செய்தார்கள்."

பிறகு அம்மையார் சொன்னார். தாமோதரனாருக்குப் பல ஆண்டுகள் முன்னால், கீழத்தெருப் பெண் ஒருத்தி தனியாக அந்தப் படியில் இறங்கினாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. மேலத்தெருக்காரர்கள் அவளை அடித்தார்கள். கீழத்தெருவில் ஒருவருக்கும் வயல்வேலை தரவில்லை. பசி வந்ததும் கீழத்தெருக்காரர்களே அவளை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுபடி வம்பு வருமென்று அவள் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டார்கள். தனியாக இறங்கக் கூடாது, ஆள் சேர்த்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று தாமோதரனார் தெரிந்துகொண்டது, அவளுக்கு நடந்ததைக் கேட்டுத்தான்.

"அந்தப் பிள்ளை பிழைத்ததா அம்மா?"

"தெரியாது."

"உங்களுக்கு இதை யார் சொன்னது?"

"என் குரு. அன்று அவர் எதிர்க்கரையில் இருந்தார்."

"அவர் என்ன செய்தார்?"

"பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிவரை அதைச் சொல்லி வருந்தினார்."

அஞ்சுகம் செம்பைக் கீழே வைத்தாள்.

"எங்கள் தெருவில் எல்லோருக்கும் தாமோதரனாரைத் தெரியும். இவளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. அவள் பெயர் என்ன?"

அம்மையார் படியில் காய்ந்துகொண்டிருந்த பாசியைப் பார்த்தார்.

"என் குரு கேட்டுவைக்கவில்லை. நான் கேட்கப் போனபோது, உங்கள் தெருவில் தெரிந்தவர் யாரும் உயிரோடு இல்லை."

மறுநாள் காலையில் அஞ்சுகம் மீசையைச் சிந்தாமணியிடம் கொடுத்தாள். ஊர்வலத்துக்கு முன்னால், அந்தப் பெண்ணைப் போலத் தனியாகப் போய்க் குளத்தில் இறங்கினாள். முதல் செம்பைப் பாசியோடு முகந்து படியில் கொட்டினாள். அடுத்து முகக்க வரும் சிந்தாமணிக்காகச் செம்பை அங்கேயே வைத்துவிட்டு ஏறி வந்து, கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டாள்.